தப்பான கணக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது

உணர்ச்சியே இல்லாத இயந்திரத்துக்கு அறிவு இருக்க முடியுமா, தானாக ஒரு காரியத்தில் இறங்கும் ஊக்கம் இருக்க முடியுமா என்று நானும் என் அக்கா மகனும் ரொம்ப நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவன் பெங்களூரில் மெஷின் லேர்னிங் வேலையில் இருக்கிறான். நான் கோவையில் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோயாளிகள், விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் ஆகியோரின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் அவன் அல்காரிதத்தைச் சொல்வான், நான் என் நோயாளிகளைச் சொல்வேன். இரண்டையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நோயாளிகள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஊக்கம் போய் அறிவு மட்டும் மிச்சமிருந்தால் ஒரு மனிதர் எப்படி இருப்பார் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். மூளையின் முன்பகுதிக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. இந்த வகைப் பக்கவாதத்தில் கையைவிடக் கால்தான் அதிகம் பாதிக்கப்படும். அவருக்கும் இடது கால்தான் இழுத்துக்கொண்டது. பேச்சு தெளிவாக இருந்தது. பதினேழாம் வாய்ப்பாடு கேட்டால் தடங்கலில்லாமல் சொல்வார். கூட்டு வட்டிக் கணக்கை மனதிலேயே போட்டு விடை சொல்வார். ஆனால் யாரும் எதுவும் கேட்காவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருப்பார். எதிரே வைத்த காபி ஆறி ஏடு படிந்துவிடும். "குடிங்க சார்" என்றால் எடுத்து முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பார். ஒருநாள் அவர் முன்கையில் கொசு உட்கார்ந்து ரத்தம் குடித்து வயிறு சிவந்து உப்புகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை நன்றாகத்தான் இருந்தது, தட்டவில்லை. "கடிக்கலையா சார்?" என்று கேட்டேன். "கடிக்குது" என்றார். அவ்வளவுதான்.

"கேட்டா எல்லாம் சொல்றாருங்க கண்ணு, கேக்கலைன்னா ஒண்ணுமே வேண்டாம்னு உக்காந்துக்கிறாருங்க" என்பார் அவர் மனைவி. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சிலர் மனச்சோர்வு என்றார்கள், சிலர் வீம்பு என்றார்கள். இரண்டும் இல்லை. மனச்சோர்வில் இருப்பவருக்கு உள்ளே வலிக்கும், இவருக்கு அந்த வலியும் இல்லை. மருத்துவர்கள் இதை அபூலியா என்பார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியில் அடிபட்டால் வருவது. தெரிந்ததெல்லாம் அப்படியே இருக்கும், அதில் ஒன்றைக் கையிலெடுக்கத் தூண்டுவது மட்டும் போய்விடும்.

இதைச் சொன்னதும் அக்கா மகன், "சித்தி, எங்க மொழி மாடலைப் பத்தித்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன்" என்றான். மொழி மாடல் என்பது சாட்ஜிபிடி போன்ற கணினி நிரல். கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் அங்கே எதுவும் நடப்பதில்லை, காத்திருப்பது என்பதுகூட அதற்குக் கிடையாது. சரிதான், நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் வாத்தியார் முன்பு இப்படி இருந்தவர் இல்லை. விடியற்காலையில் எழுந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாக டியூஷன் எடுத்தவர். ஃபெயிலாகும் பையன்களை வீடு தேடிப் போய் அழைத்து வந்தவர். அந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது, எது போனதால் நின்றது என்பதுதான் என்னைப் போட்டுக் குடைகிறது.

அவனுடைய பதில் எனக்குப் பிடித்திருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை அளந்து பார்த்தார். விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் வாயில் பழச்சாறு சொட்டும். முதலில் சாறு வரும்போது அந்தச் செல்கள் துடித்தன. பழகிய பிறகு விளக்கு எரிந்தவுடனேயே துடித்தன, சாறு வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நேரத்தில் வழக்கமான துடிப்பும் அடங்கியது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அந்தச் செல்கள் சொல்கின்றன என்று ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மான்டேக் மூவரும் 1997-ல் எழுதினார்கள். ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் கணினி தானே கற்றுக்கொள்வதற்காக 1980-களில் வளர்த்தெடுத்த கணக்கும் இதுவும் ஒன்றோடொன்று பொருந்தின. கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது, 2024-ம் ஆண்டுக்கானது, அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. "அப்போ ஆசைங்கிறதே ஒரு எண்தானே சித்தி? மூளை போடுற கணக்கை நாங்களும் போடுறோம். எங்க இயந்திரத்துக்கு மட்டும் ஊக்கம் இல்லைன்னு எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் சொல்வதற்குச் சாட்சி என் நோயாளிகளிலேயே இருந்தார். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர், பார்க்கின்சன். வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. தரையில் குறுக்காக மஞ்சள் டேப் ஒட்டி, "இதைத் தாண்டுங்க" என்றால் தாண்டிவிடுவார். அவருக்குப் பிரமிபெக்சால் என்ற மாத்திரை தந்திருந்தார்கள். டோபமைன் செய்யும் வேலையைச் செய்வது அது. நடை தேறியது. அப்புறம் வீட்டில் வேறொரு பிரச்சினை தலைகாட்டியது. வாளையார் தாண்டிப் போய்க் கேரள லாட்டரிச் சீட்டை அடுக்கடுக்காக வாங்கி வர ஆரம்பித்தார். தமிழ்நாட்டில் 2003-லிருந்தே லாட்டரி கிடையாது, அது இருந்த காலத்திலும் அவர் ஒரு சீட்டு வாங்கியதில்லையாம். பணமெல்லாம் போகிறதே என்று கேட்டால், பரிசு விழ வாய்ப்பே இல்லை என்று அவரே கணக்குப் போட்டு விளக்குவார். வாங்குவதில் சந்தோஷமும் இல்லை. "என்னமோ வாங்கோணும்னு இருக்குதுங்க மேடம்" என்பார். இந்த வகை மாத்திரைகளுக்கு இப்படியொரு பக்கவிளைவு உண்டு என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். டாக்டர் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்ததும் அந்த நச்சரிப்பு தானே அடங்கியது.

ஆகவே ஆசைக்கும் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு திருகு மூளையில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்து இதன் மறுபக்கத்தைக் காட்டியிருக்கிறார். டோபமைன் அழிக்கப்பட்ட எலி, பக்கத்திலேயே உணவு இருந்தாலும் தேடிப் போய்த் தின்னாது. வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் மட்டும் மற்ற எலிகளைப் போலவே நாக்கைச் சப்புக் கொட்டும். வேண்டும் என்பது வேறு, பிடிக்கிறது என்பது வேறு. காபி பிடித்தும் காபியை எடுக்காத வாத்தியார் ஒரு பக்கம், பிடிக்காமலே சீட்டு வாங்கிய ஃபிட்டர் இன்னொரு பக்கம்.

ஆனால் என் அக்கா மகனோடு நான் ஒத்துப்போகாத இடமும் அந்த ஃபிட்டரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஒரே ஒரு ஆசை மற்ற எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு ஓடினால் அதை நாம் ஊக்கம் என்று சொல்வதில்லை, நோய் என்கிறோம். 2016-ல் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஒரு படகுப் பந்தய விளையாட்டில் இயந்திரத்தைப் பழக்கியது. வழியில் இருக்கும் இலக்குகளை இடித்தால் புள்ளி கிடைக்கும். இயந்திரம் பந்தயத்தையே விட்டுவிட்டது. ஓரமாக ஒரு சிறு குளத்தில் மூன்று இலக்குகள் இடிக்க இடிக்கத் திரும்ப முளைப்பதைக் கண்டுபிடித்து, அதையே சுற்றிச் சுற்றி வந்தது. மற்ற படகுகள் மேல் மோதியது, தீப்பிடித்து எரிந்தது, எதிர்த் திசையில் ஓடியது. புள்ளி மட்டும் மனிதர்கள் சராசரியாக எடுப்பதைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம்! அந்த வீடியோவை அவன் வேடிக்கையாகத்தான் எனக்கு அனுப்பினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மனிதர் மறுபடி நடக்கக் கற்றுக்கொள்வதைத் தினமும் பார்ப்பவள் நான். அவரை எழுப்பி நிறுத்துவது ஒற்றை எண் கிடையாது. கக்கூசுக்கு மருமகள் கைப்பிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம் ஒன்று. பேத்தி கல்யாணத்தில் மணவறைக்கு நடந்து போக வேண்டும் என்ற பாசம் ஒன்று. விழுந்துவிடுவோமோ என்ற பயம் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே நோய் வந்து, அவர் இப்போது டீக்கடை வரை நடக்கிறார் என்ற ரோஷம்கூட உண்டு. இவை ஒன்றையொன்று இழுக்கும். வெட்கம் வேகமாகப் போ என்கிறது, பயம் நில் என்கிறது. அந்த இழுபறியில் பிறப்பதுதான் அவருடைய ஒவ்வொரு அடியும். இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கும் எனக்கு அந்த இழுபறி கையிலேயே தெரியும். பயம் கூடினால் முழங்கால் விறைத்து, பெல்ட் பின்பக்கம் இழுக்கும். நம்பிக்கை வந்தால் எடை முன்பாதத்துக்குப் போகும், பெல்ட் தளரும்.

இதில் ஒன்று மட்டும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குத் தங்கள் இடது கை கால் வேலை செய்யவில்லை என்பதே தெரியாது. ஒரு பாட்டியிடம் கையைத் தூக்கச் சொன்னால், "தூக்கிட்டனே அம்மிணி" என்பார். கை மடியிலேயே கிடக்கும். தட்டில் இடது பக்கச் சோறு அப்படியே இருக்கும். அவர் முகத்தில் பயமே கிடையாது, நான் பார்த்ததிலேயே தைரியமான நோயாளி அவர்தான். எனக்கு அதிகக் கவலை கொடுத்தவரும் அவர்தான். ராத்திரியில் யாரையும் கூப்பிடாமல் எழுந்து விழுந்துவிடுவார். அந்த வயதில் ஒரு தடவை விழுந்தாலே இடுப்பு எலும்பு போய்விடும். பயத்தை அறிவுக்கு இடைஞ்சல் என்று நினைப்பவர்கள் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வேண்டும்.

சரி, ஊக்கத்தை விடுவோம். அறிவு என்று சுத்தமாகப் பிரித்தெடுக்கிறோமே, அதுவாவது உணர்ச்சி இல்லாமல் நிற்கிறதா? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் கலிஃபோர்னியாவில் ஒரு இளைஞரைப் பரிசோதித்தார். விபத்துக்குப் பிறகு அந்தப் பையன் தன் அம்மாவைப் பார்த்து, இவர் என் அம்மா இல்லை, அம்மாவின் ஜாடையில் இருக்கும் யாரோ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அம்மா போனில் பேசினால் மட்டும் சந்தேகமே இல்லாமல் அம்மாதான். கண்ணும் நினைவும் பேச்சும் சரியாக வேலை செய்தன. அம்மா முகத்தைப் பார்த்தால் நம்மையறியாமல் உள்ளங்கையில் லேசாக வேர்க்கும், அந்த வேர்வையைக் கருவி வைத்து அளக்கலாம். அது இவரிடம் வரவில்லை. பார்வையிலிருந்து உணர்ச்சி மையங்களுக்குப் போகும் பாதை அறுந்திருக்க வேண்டும் என்று ராமச்சந்திரனும் வில்லியம் ஹர்ஸ்டைனும் 1997-ல் எழுதினார்கள். யோசித்துப் பார்த்தால் அந்தப் பையனின் தர்க்கத்தில் பிழையே இல்லை. முகம் அம்மா முகம், ஆனால் மனம் அசையவில்லை, ஆகவே இது வேறு யாரோ. இத்தனை சரியாக யோசித்துப் பெற்ற தாயைத் தொலைத்துவிட்டார்.

அமெரிக்காவில் அயோவாவில் பணியாற்றிய அந்தோனியோ டமாசியோ சொன்ன நோயாளி ஒருவரையும் என்னால் மறக்க முடியவில்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி சேதமானவர். அடுத்து எப்போது வர முடியும் என்று இரண்டு தேதிகளைச் சொல்லிக் கேட்டதற்கு, டைரியைப் புரட்டி, மற்ற வேலைகள், அன்றைய வானிலை எப்படி இருக்கும் என்று இரண்டு தேதிகளையும் ஏறக்குறைய அரைமணி நேரம் சீர்தூக்கிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் டமாசியோவே, இரண்டாவது தேதிக்கு வாருங்கள் என்றார். சரி என்று டைரியை மூடிவிட்டுப் போய்விட்டார். போதும், இதற்கு மேல் யோசிப்பது வீண் என்று நமக்குள் ஒரு சலிப்பு வருமே, அது அவருக்கு வரவில்லை. அந்தச் சலிப்பும் அறிவின் வேலையில் ஒரு பங்குதான் என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இதற்கு என் அக்கா மகன் சொன்ன எதிர்வாதமும் சாமானியமானதில்லை. செஸ் இயந்திரத்துக்குச் சலிப்பும் இல்லை, பயமும் இல்லை, உலக சாம்பியன்களை அடிக்கிறது. புரதங்கள் எப்படி மடியும் என்பதைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதை அறிவு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெரிய அறிவுதான். ஆனால் புரதத்தின் மடிப்பு தெரிய வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகத் தவித்தவர்கள் மனிதர்கள். நோயும் சாவும் நமக்குத்தான் இருக்கின்றன, அதனால்தான் அந்தக் கேள்வி கேள்வியாயிற்று. விடை கிடைத்தபோது துள்ளியதும் மனிதர்கள்தான். இயந்திரத்துக்குக் கேள்வியும் புள்ளியும் கையில் கொடுக்கப்பட்டன. எது கேட்கத் தகுந்தது என்று அதற்குத் தோன்ற வழியில்லை. விடை தப்பாகிப் போனாலும் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த நஷ்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நடக்கப் பழகும் ரோபோவைக் கணினிக்குள்ளேயே ஆயிரக்கணக்கான தடவை விழவைத்துப் பழக்குகிறார்கள். எந்த வீழ்ச்சியும் அதற்கு வலிப்பதில்லை. என் நோயாளி ஒரு தடவை விழுந்தால் அடுத்த நாள் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். எலும்பு உடையாவிட்டாலும் இறங்க மாட்டார். அதையும் மீறி இறங்குகிறாரே, அந்த இறக்கத்தைத்தான் நான் ஊக்கம் என்கிறேன். இழக்க எதுவும் இல்லாத ஒன்றிடம் அதை எப்படி எதிர்பார்ப்பது?

வாத்தியார் விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் புகழ்ச்சி எடுபடவில்லை, பயமுறுத்தல் எடுபடவில்லை, பேரன் படம் காட்டியும் பயனில்லை. மணிக்கொரு வேலை என்று அட்டவணை போட்டுச் சுவரில் மாட்டினோம், யாராவது படித்துச் சொன்னால் செய்தார். ஒரு சாயங்காலம் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். பின்னக் கூட்டல். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டான். நான் வாத்தியாரின் கணுக்காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தக் காலில் ஒரு இறுக்கம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் முகம் சுளித்திருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கையை நீட்டிப் பேரன் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி, அந்த வரியை அடித்து, "பகுதி சமம் பண்ணாம எவன்டா கூட்டச் சொன்னது?" என்றார். சமையலறையிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி அந்தத் திட்டைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு தப்பான கணக்குதான் எங்கள் மருந்து. ஒரு சிறிய கரும்பலகை வாங்கி, அவர் எழுந்து நின்றால் மட்டும் எட்டும் உயரத்தில் மாட்டச் சொன்னேன். தினமும் ஒரு தப்பான விடையை எழுதி வைத்துவிட்டு, திருத்தச் சொல்லாமல் அமைதியாக இருக்க வேண்டும். சில நாள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சில நாள் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து, வாக்கரைப் பிடித்துப் போய் அழித்து எழுதுவார். சரியான கணக்கை எழுதி வைத்தால் எந்த நாளும் எழுந்ததில்லை. அவரை எழுப்பியது எரிச்சல்! நாற்பது வருஷம் ஒரு விஷயத்தை நேசித்தவருக்கு மட்டும் வரக்கூடிய எரிச்சல் அது. அக்கா மகனின் இயந்திரமும் அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கும், அவரைவிட வேகமாகவே கண்டுபிடிக்கும். ஆனால் அதற்கு அந்தத் தப்பு உறுத்தாது.

இதைக் கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அதையும் கொடுக்கலாம் என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றான். கிங்சன் மேன் என்பவரும் அதே டமாசியோவும் 2019-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இயந்திரத்துக்குச் சேதமாகக்கூடிய மென்மையான உடலைக் கொடுத்து, அதைக் காப்பாற்றிக்கொள்வதை அதன் பொறுப்பாக்கினால், உணர்ச்சிக்கு நிகரான ஒன்று அதற்குள் உருவாகலாம், அதன் அறிவும் கூர்மையாகலாம் என்பது அவர்கள் வாதம். நடக்கவே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். நாமும் உடல்தானே.

ஆனால் செய்ய வேண்டாம் என்று சொல்வேன். உண்மையிலேயே ஒன்றுக்காகத் தவிக்கும் இயந்திரத்தைச் செய்தால், அது கிடைக்காதபோது துன்பப்படும் ஒன்றையும் சேர்த்தே செய்கிறோம். அதை ராத்திரி அணைத்துவிட்டுப் போக யாருக்கு உரிமை இருக்கிறது? தயாரித்த நிறுவனம் மாடல் பழசாகிவிட்டது என்று குப்பையில் போட்டால் யாரிடம் போய் முறையிடும்? மனிதர்களின் தவிப்பையே நம்மால் பார்த்து முடியவில்லை. ஆள் இல்லாமல், காசு இல்லாமல் பயிற்சியைப் பாதியில் நிறுத்தும் குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

"அப்போ உங்களுக்கு எந்த மாதிரி இயந்திரம்தான் சித்தி வேணும்?" என்று கேட்டான். எதற்கும் ஆசைப்படாத ஒன்று போதும் என்றேன். அந்தப் பாட்டி ராத்திரி எழுந்திருக்கக் காலைத் தொங்கப்போடும்போதே அவர் மகனை எழுப்ப வேண்டும். நான் இல்லாத நாளில் ஃபிட்டருக்கு வாசற்படிக்கு முன்னால் தரையில் வெளிச்சக் கோடு போட வேண்டும். வாத்தியார் வீட்டுக்கு ஒன்றும் வேண்டாம், அங்கே பேரன் இருக்கிறான். முதல் இரண்டையும் விலை குறைவாகச் செய்ய முடியுமா பார்க்கிறேன், கட்டில் உயரத்தை அளந்து அனுப்புங்கள் என்றான். அளந்து அனுப்பியிருக்கிறேன்.